கழற்ற வேண்டாம்

“பொய் சொல்லுறது பாவமெண்டால், பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் எல்லாரும் பொய் சொல்லுறியள்?”

ஜதுர்ஷிகா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. லண்டனில் ஸ்ட்ரெதம் வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடா கட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தை செபமாலைமுத்து அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார். கொழும்பில் இருந்த மனைவியின் அக்கா அருமைநாயகியிடம், “அத்தானுக்கு இப்ப பரவாயில்லையாம், சூப் குடிக்கிறாராம். நீங்கள் அந்தரப்படாமல் வாங்கோவாம்” என்று சொல்லியிருந்தார். மன்னாரில் அருமைநாயகியின் கணவர் தவராசா அன்று விடியற்காலையிலேயே இறந்துவிட்டார்.

அக்கா தனியாக பஸ்ஸில் நெடுந்தூரம் போக வேண்டும், வழியில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று உறவினர் எல்லாரும் பேசிவைத்துச் சொன்ன பொய் அது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அருமைநாயகி ஒரு பையில் ஹோர்லிக்ஸ் போத்தலும் கணவர் கட்டப் புதுச் சாரமும் வைத்துக்கொண்டு போய் இறங்கினார். வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு தொலைபேசியில் வரும் எந்த நல்ல செய்தியையும் அவர் நம்பவில்லை. “நான் கண்ணாலை காணட்டும்” என்பார். அன்று பிள்ளை கேட்டபோது முத்து குனிந்து நாடாவைக் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

அருமைநாயகிக்கு இருதய வால்வில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. துணைக்கு நிற்க, முத்துவின் மனைவி மெற்றில்டா லண்டனிலிருந்து கொழும்புக்குப் போனாள். இருவரும் வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை வீட்டில் அறை எடுத்துத் தங்கினார்கள். எல்லாம் ஒழுங்காயிற்று. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் அருமைநாயகி மறுத்துவிட்டார்.

அவருக்கு இருந்தது ஒரே மகன், நிஷாந்தன். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். சண்டை நெருங்கி, அந்தப் பகுதிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

“என்ரை பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் நெஞ்சை வெட்டித் தைச்சு நான் ஆருக்குக் காட்ட?” என்று கேட்டார்.

டாக்டர் பொறுமையானவர். ஆனாலும், இந்த முறை தவறினால் இன்னொரு முறை வரும்வரை இருதயம் பொறுக்காது என்று மெற்றில்டாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்து வேண்டும்.

செபமாலைமுத்து லண்டனில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். லண்டனுக்கு வருமுன் டோர்ட்முண்ட் நகரில் பழகிய தொழில். சவுத்தாலிலிருந்து எட்மண்டன் வரை நம்மவர்களின் கடைகளில் மீன் பெட்டியும் இறைச்சிப் பெட்டியும் நின்றுபோனால் அவருக்குத்தான் அழைப்பு வரும். பழுது பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய்யாமல் அவர் வெளியே வரமாட்டார். பெட்டியின் பிளக்கைச் சுவரோடு சேர்த்துச் சிவப்பு நாடா ஒட்டி, அதன்மேல் தடித்த பேனாவால் ‘கழற்ற வேண்டாம்’ என்று எழுதிவிடுவார். பெட்டிகள் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் பழுது அல்ல என்பது அவருடைய அனுபவம். போன் சார்ஜ் பண்ணவும் சாமிப் படத்துக்கு லைற் போடவும் யாராவது பிளக்கைக் கழற்றியிருப்பார்கள்.

“முத்து அண்ணை, சாமிக்கு விளக்குக் கொழுத்த வேறை இடமில்லையே” என்று ஸ்ட்ரெதம் கடைக்காரர் றமணன் ஒருமுறை முறையிட்டார்.

“சாமி இருட்டிலையும் இருப்பார் தம்பி. உன்ரை அறக்குளா மீன் இராது.”

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, வழக்கம்போல் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் கண் நின்றது. பெரிய மரம் ஒன்றின் கீழ் பிள்ளைகள் தரையில் இருக்கிறார்கள். மரத்தில் கரும்பலகை சாய்த்து வைத்திருக்கிறது. ஆசிரியர் ஒருவர் பாதி திரும்பி நிற்கிறார். மெலிந்துபோயிருந்தார், தாடி வளர்ந்திருந்தது. தச்சன் பென்சில் செருகுவதுபோல காதுக்கு மேலே ஒரு சோக்குக்கட்டி செருகியிருந்தது.

நிஷாந்தனைத் தவிர அப்படிச் செய்கிற வாத்தியாரை முத்து கண்டதில்லை. படத்தின் கீழே திகதி இருந்தது. போன கிழமைக்கு முந்தின கிழமை.

உடனே படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மெற்றில்டா நெட் கபேயில் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அடுத்த நாள் அவள் தொலைபேசி எடுத்தாள்.

“கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்தா.”

“பிறகு?”

“பழைய படமாம். படிப்பிக்கத் தொடங்கின நாளிலை இருந்து அவன் அப்பிடித்தானே செருகிறவன், எப்பவோ எடுத்ததை இப்ப கொண்டுவந்து காட்டுறியள் எண்டுறா. ‘சூப் குடிச்ச கதை மாதிரித்தான் இதுவும்’ எண்டு சொல்லிப்போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா.”

“திகதி கிடக்கே?”

“திகதியை நீங்களே அடிச்சிருப்பியளாம். அந்தப் பேப்பரிலையே, தான் தட்டி, தான் பாக்கோணுமாம். இஞ்சை அது திறக்காதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

தளத்தை அவள் ‘பேப்பர்’ என்றே சொன்னாள், பையனின் பெயரையும் சொல்லவில்லை. அந்த நாட்களில் கொழும்புத் தொலைபேசியில் யாரும் பெயர் சொல்வதில்லை. அந்தத் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டிருந்தது. முகவரியை அடித்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

சனிக்கிழமை காலை பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பர்ஹாத் எட்டிப் பார்த்தார். ஈரான்காரர், மினிகப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவர். இரண்டு வருடமாக அயலவர். குப்பைத் தொட்டி வெளியே வைக்கும் நாளில் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான் பழக்கம். இருவரும் பேசியது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.

“மனைவி ஊரில் இல்லையென்று தெரிகிறது” என்றார் பர்ஹாத். “சட்டையை உள்பக்கம் வெளியே விட்டுக் காயப்போடுவது பரவாயில்லை. போட்டுக்கொண்டும் நிற்கிறீர்களே.”

முத்து குனிந்து பார்த்தார். உண்மைதான். சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காவின் கதையையும் படத்தின் கதையையும் வெள்ளைப் பக்கத்தின் கதையையும் வேலியோரத்தில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

பர்ஹாத் செடி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“என் முன்னறைக் கணினி இரவு பகல் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வீண் செலவு என்று நினைத்திருப்பீர்கள்.”

முத்து நினைத்ததுண்டு. ஆனாலும் இல்லையென்று தலையாட்டப் போய், பொய் எதற்கு என்று நிறுத்திக்கொண்டார்.

“ஷிராஸில் என் தம்பி பெஹ்ரூஸ் இருக்கிறான். எங்கள் நாட்டிலும் பாதிப் பக்கங்கள் திறக்காது. அவன் அங்கேயிருந்து என் வீட்டுக் கணினியின் கதவைத் தட்டுவான். அவனுக்கு வேண்டிய பக்கத்தை என் கணினி எடுத்து அவனுக்குக் கொடுக்கும். வெளியே நிற்கிறவனுக்கு, தம்பி அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தான் என்பது மட்டும்தான் தெரியும். அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. உங்களுடைய கணினியிலும் போடலாம்.”

தேநீர் குடிக்கிற நேரத்தில் போட்டு முடித்தார். மெற்றில்டாவுக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கினார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் தம்பியின் பெயரையும் அதில் சேர்த்து, ஷிராஸுக்குத் தொலைபேசி எடுத்தார். சற்று நேரத்தில் திரையின் மூலையில் ‘பெஹ்ரூஸ்’ என்று பெயர் தோன்றியது. ஸ்ட்ரெதம் வீட்டு முன்னறைக்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததுபோல முத்துவுக்கு இருந்தது.

“விளையாட்டாக நினைக்க வேண்டாம்” என்றார் பர்ஹாத். “பார்த்ததும் மூடச் சொல்லுங்கள். அங்கே தங்கியிருக்கிற வீட்டின் சொந்தக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களை ஆபத்தில் விடக் கூடாது.” போகும்போது ஒரு துண்டில் இன்னொரு முகவரி எழுதிக் கொடுத்தார். “இது என் கணினி. உங்கள் மனைவிக்கு அங்கேயும் ஒரு பெயர் போட்டுவிடுகிறேன். இயந்திரம்தானே, உங்களுடையது தூங்கிவிட்டால் என்னுடையது விழித்திருக்கும்.”

இவ்வளவு தேவையா என்று முத்துவுக்குப் பட்டது. ஆனாலும் மனிதர் அன்போடு தந்தது. இரண்டு முகவரியையும் மெற்றில்டாவுக்கு அனுப்பினார்.

பன்னிரண்டு வயது ஜதுர்ஷிகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பா, இது களவு இல்லையோ?”

“ஆரின்ரை பொருளையும் நாங்கள் எடுக்கேல்லையே பிள்ளை. ஒரு தாய் தன்ரை பிள்ளையின்ரை முகம் பாக்கப் போறா.”

“அப்ப இந்த முறை பெரியம்மாவுக்கு ஒருத்தரும் பொய் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை. இந்த முறை இல்லை.”

மெற்றில்டாவின் பதில் வந்தது. வீட்டுக்கார ஆசிரியையின் கணினி ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டார் பூசைக்குப் போகிற ஒரு மணித்தியாலம் கிடைக்கும், கொழும்பில் ஆறு மணி. லண்டனில் மத்தியானம் ஒன்றரை.

ஒக்ரோபர் செபமாலை மாதம். மாதாவின் சிலை, சுருவம், ஒவ்வொரு நாளும் ஒரு வீடாகப் போகும். அந்த ஞாயிறு முத்து வீட்டு முறை. அது முன்பே குறித்தது, மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்று முத்துவுக்குத் தோன்றவுமில்லை. வீட்டில் மாதா இருக்கும்போது அக்கா மகனைப் பார்க்கட்டும் என்றே நினைத்தார்.

பூசை முடிந்து சனம் வந்தது. முன்னால் சுருவத்தைச் சுமந்தபடி இம்மாகுலேற் அக்கா வந்தார். தென் லண்டன் செபமாலைக் குழு முழுவதும் அவருடைய சொல்லில்தான் நடக்கும். தோளில் தொங்கிய பையில் நீலமும் வெள்ளையுமாகச் சோடனை லைற்றுகள்.

“முத்து, மாதாவை எங்கை வைக்கிறது? உந்த ரீவியைத் தள்ளு. திரைச்சீலை என்ன, மெற்றில்டா போன நாளிலை இருந்து தோய்க்கேல்லையோ? சரி சரி, நீ போய்க் கடலையைப் பார். இதுகளை நான் பாக்கிறன்.”

முத்து கணினியை ஒருமுறை பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. குசினிக்குப் போனார். அவித்த கடலையைத் தாளித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டு, முப்பது பேருக்குத் தேநீர் ஊற்றி முடிக்க நேரம் போய்விட்டது. தட்டோடு முன்னறைக்கு வந்தார். எல்லாரும் முழந்தாளில் இருந்தார்கள். செபமாலையின் மூன்றாவது பத்து மணி, மூன்றாம் காரணிக்கம், போய்க்கொண்டிருந்தது. மாதாவைச் சுற்றி நீலமும் வெள்ளையும் மாறி மாறி மின்னியது. மூலையில் கணினி இருண்டு கிடந்தது. இணையப் பெட்டியிலும் ஒரு வெளிச்சமும் இல்லை.

சோடனை லைற்றின் வயரைக் கண்ணால் தொடர்ந்தார். அது யன்னலடிச் சுவரில் இருந்த பிளக்குக்குப் போயிருந்தது. கணினியையும் இணையப் பெட்டியையும் சேர்த்துக் கொழுவியிருந்த பிளக் கழற்றப்பட்டுக் கம்பளத்தில் கிடந்தது. ஊர்க் கடைகளுக்கெல்லாம் சிவப்பு நாடா ஒட்டுகிற மனிதர் தன் வீட்டில் ஒட்டவில்லை.

கடிகாரம் ஒன்றே முக்கால். தட்டை வைத்துவிட்டு முழந்தாளிலேயே நகர்ந்து இம்மாகுலேற் அக்காவின் பக்கத்துக்குப் போனார்.

“அக்கா, அந்த பிளக்...”

“உஷ்! செபம் போகுது.”

“கம்பியூட்டரை நிப்பாட்டிப் போட்டியளோ?”

“ஒருத்தரும் பாக்காமல் சும்மா எரிஞ்சுகொண்டு நிண்டுது. மாதா வந்திருக்கிற நேரத்திலை உனக்குக் கம்பியூட்டர் கேக்குதோ?”

“அருமைநாயகி அக்காவின்ரை சீவன் அதிலைதான் அக்கா கிடக்கு.”

இம்மாகுலேற் அவருடைய முகத்தைப் பார்த்தார். செபமாலை சுற்றிய கையாலேயே எட்டிச் சோடனை லைற்றின் பிளக்கை இழுத்தார். மாதா இருட்டுக்குள் போனார். யாரோ திடுக்கிட்டுத் திரும்பினார்கள். “என்ன பாக்கிறியள், சொல்லுங்கோ” என்று அதட்டிவிட்டு, உரத்த குரலில் அடுத்த மந்திரத்தை அவரே தொடங்கினார்.

முத்து கழன்ற பிளக்கைத் திரும்பக் கொழுவினார், ஜதுர்ஷிகா கணினிக்கு முன் வந்து குந்தினாள். திரை வெளிச்சமாகிற நேரத்துக்குள் ஒரு காரணிக்கம் முடிந்துவிட்டது. இணையப் பெட்டி செம்மஞ்சளாகி, பிறகு பச்சையானது. முத்து மூச்சு விட்டார்.

“அப்பா,” என்றாள் மகள் மெதுவாக. “நம்பர் மாறீட்டுது.”

“என்ன நம்பர்?”

“பெட்டியை நிப்பாட்டிப் போட்டா எங்கடை வீட்டு அட்ரஸ் மாறும். அம்மாட்டை இருக்கிறது பழசு. அதைத் தட்டினால் இஞ்சை வராது.”

புதியதை மெற்றில்டாவுக்கு எப்படிச் சொல்வது? மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவள் அதைத் திறந்து பார்க்க வேண்டுமே. தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம். பர்ஹாத்தின் கார் வாசலில் இல்லை, ஓட்டத்தில் இருந்தார். மணி இரண்டே கால் ஆயிற்று. கொழும்பில் ஏழு மணிக்கு வீட்டுக்காரர் பூசையிலிருந்து திரும்பிவிடுவார்கள். நாளைக் காலை டாக்டர் கேட்கப் போகிறார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

செபம் முடிந்தது. முத்து தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். இம்மாகுலேற் அக்கா கதிரையில் இருந்துவிட்டார். அவர் அப்படி ஒடுங்கியிருந்து யாரும் பார்த்ததில்லை.

“ஐயோ, நான் என்ன வேலை பாத்துப்போட்டன்.”

“நீங்கள் தெரிஞ்சோ செய்தனியள்? பிளக்கிலை நான் எழுதி ஒட்டியிருக்கோணும்.”

“எல்லாற்றை கடையிலையும் ஒட்டுறாய்” என்றார் இம்மாகுலேற், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வீட்டிலை ஒட்ட நாடா முடிஞ்சு போச்சோ?” பிறகு எழுந்து நின்றார். “ஒருத்தரும் கடலையிலை கை வைக்க வேண்டாம். அருமைநாயகிக்காக இன்னுமொரு காரணிக்கம். முழந்தாளிலை நில்லுங்கோ.”

லைற் இல்லாத மாதாவுக்கு முன் எல்லாரும் மறுபடி முழந்தாளிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கடலைத் தட்டைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்தக் காரணிக்கம் முடிகிற தறுவாயில் தொலைபேசி அடித்தது.

முத்து எடுத்தார். மெற்றில்டா என்று நினைத்தார். இல்லை.

“தம்பி.”

“அக்கா?”

“சோக்குக்கட்டி காதிலைதான் கிடக்கு.”

முத்து தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

“நானே தட்டினன். திகதியும் கண்டன், சுத்தியிருந்த மற்றச் செய்தியளும் கண்டன். மெலிஞ்சுபோனான். தாடி அவனுக்கு வடிவில்லை.” என்றார் அருமைநாயகி. “மெற்றில்டா எனக்கு ஒண்டு சொன்னாள் தம்பி. ‘அக்கா, அண்டைக்கு இருந்தவன் எண்டுதான் இந்தப் படம் சொல்லுது, இண்டைக்கு இருக்கிறான் எண்டு சொல்லேல்லை’ எண்டாள். உள்ளதை உள்ளபடி ஒருத்தி எனக்குச் சொன்னாள். எனக்கு அது காணும். அண்டைக்கு இருந்தவனை இண்டைக்கும் ஆண்டவர் பாப்பார். நான் காலமை கையெழுத்துப் போடுறன்.”

“அக்கா, உது எப்பிடித் திறந்தது? இஞ்சை எங்கடை...”

மெற்றில்டா வாங்கிப் பேசினாள். “முதலாவது திறக்கவே இல்லையப்பா. அடிச்சு அடிச்சுப் பாத்தன், நெஞ்சு பதறிப் போச்சு. பிறகு ரெண்டாவது. நீங்கள்தானே ரெண்டு அனுப்பினியள்?”

பர்ஹாத் தந்த அந்த இரண்டாவது முகவரியை முத்து மறந்தே போயிருந்தார். யன்னலால் பார்த்தார். அடுத்த வீட்டு முன்னறையில் ஆளில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு நீல வெளிச்சம் மட்டும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஒரு கோப்பைக் கடலையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பர்ஹாத் அப்போதுதான் வந்திருந்தார். முத்து சொல்லத் தொடங்கிய நன்றியை அவர் முழுதாகக் கேட்கவில்லை.

“நான் விமான நிலையத்தில் ஒருவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றுமே செய்யவில்லை.” ஒரு கடலையை வாயில் போட்டார். “இந்த வெள்ளையாக இருப்பது என்ன? தேங்காயா? இதற்குத்தான் நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.”

அதே கிழமையில் வந்து, இணையப் பெட்டி நின்று எண் மாறினாலும் வழி மாறாதபடி முத்துவின் கணினியைச் சரிசெய்தும் கொடுத்தார்.

அருமைநாயகியின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பழைய படம் என்று தள்ளிவைத்த பிரிண்டை இப்போது அவர் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். மெற்றில்டா நவம்பரில் திரும்பி வந்தாள். வந்ததும் அவள் சொன்ன முதற்கதை வீட்டுக்கார ஆசிரியையைப் பற்றியது. என்ன பார்க்கப் போகிறோம் என்று மெற்றில்டா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அதற்கு ஆசிரியை, “ஆறு மணியிலை இருந்து ஏழு மணி வரை நாங்கள் பூசையிலை. கதவைப் பூட்டிப்போட்டு இருந்து பாருங்கோ. சாமிக்கு முன்னாலை உங்கடை அக்காவையும் நினைப்பன்” என்றாராம். அன்று பூசைக்குப் பிறகும் கோயில் வாசலில் வேண்டுமென்றே நின்று, கடலைக்காரனோடு கதைத்துக் கதைத்து நேரம் போக்கிவிட்டுத்தான் வந்தாராம்.

“உலகத்திலை இப்பிடி எத்தினை பேரப்பா இருக்கினம்” என்றாள் மெற்றில்டா. “எங்களுக்குத்தான் தெரியிறதில்லை.”

மார்கழி பிறந்தது. நத்தார்ப் பண்டிகைக்காக முன்னறை யன்னலடியில் பாலன் குடில் கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை காலை மெற்றில்டா மகளைத் தமிழ்ப் பள்ளியில் விடப் புறப்பட்டாள்.

“இஞ்சருங்கோ, நான் வந்து எவ்வளவு நாளாச்சு. உந்த மெசினை இனி நிப்பாட்டுங்கோவன். குடில் லைற்றுக்கும் பிளக் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முத்து தேநீரைக் குடித்து முடித்து, நிறுத்தத்தான் போனார். சுவிட்சில் கை வைத்தபோது திரையின் மூலையைப் பார்த்தார்.

பெஹ்ரூஸ்.

யன்னலால் எட்டிப் பார்த்தார். பர்ஹாத்தின் கார் உறை போர்த்தபடி நின்றது. தந்தைக்கு நோய் கடுமை என்று கேள்விப்பட்டு அவர் அவசரமாக ஷிராஸுக்குப் போயிருந்தார். எப்போதும் நீல வெளிச்சம் தெரிகிற முன்னறை இருண்டிருந்தது. பியூஸ் போயிருக்கலாம், வேறு ஏதாவது ஆகியிருக்கலாம். திறந்து பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை. தம்பி தட்டிப் பார்த்திருப்பான், திறந்திருக்காது. சோதித்துப் பார்ப்பதற்காக ஒருநாள் எழுதிய பெயர் ஒன்று வேறு வீட்டில் இருப்பது நினைவு வந்திருக்கும். அல்லது தட்டுவது தம்பி இல்லை. தந்தையின் கட்டிலருகே இருந்து அந்தப் பெயரில் பர்ஹாத்தே வந்திருக்கலாம்.

யார், என்ன வாசிக்கிறார் என்று முத்துவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வெளியே நின்ற தன் வேலை வண்டியான வானுக்குப் போய் நீள வயர் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டு நடைச் சுவரிலிருந்து கம்பளத்தின் ஓரமாக அதை இழுத்து, குடில் லைற்றை அதில் கொழுவினார். நட்சத்திரம் எரிந்தது. பிறகு தொழிற்பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து, கணினியின் பிளக்கைச் சுவரோடு சேர்த்து ஒட்டினார். இணையப் பெட்டியின் பிளக்குக்கும் ஒட்டினார். கடைகளில் எழுதுகிற அதே இரண்டு சொல்லைத் தடித்த பேனாவால் எழுதி, மை காயும்வரை ஊதினார்.

எட்மண்டனில் ஒரு கடையில் மீன் பெட்டி நின்றுபோனதாக அழைப்பு வந்திருந்தது. வான் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் இன்னும் அங்கேயே இருந்தது. வீட்டில் ஒருவர் இருந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது சாத்துவதுபோல, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.